கண்ணுக்குள் திடீர் ரத்தக்கசிவு: இளைஞர்களைத் தாக்கும் ஈல்ஸ் நோய்... பார்வை திரும்பிய பிறகும் ஏன் சிகிச்சையை விடக் கூடாது?

'கண்ணுக்குள்ள கொசு பறக்குற மாதிரி இருக்கு.' விழித்திரை சிகிச்சைப் பிரிவுக்கு வரும் இளைஞர்கள் பலரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். சிலர் ஒட்டடை தொங்குகிறது என்பார்கள். சிலருக்குத் தண்ணீரில் மை கொட்டியதுபோல ஒரு கரும்புகை பரவும். ஒரு சிலருக்குக் காலையில் எழுந்து பார்க்கும்போது ஒரு கண்ணில் எதுவுமே தெரியாது. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினால் ஏதோ அசைவது மட்டும் தெரியும்.

முந்தைய நாள் வரை கண்ணாடிகூடப் போடாதவராக இருப்பார். அடிபட்டிருக்காது. கண் சிவந்திருக்காது. வலி துளியும் இருக்காது. வலி இல்லாததாலேயே 'லேப்டாப் அதிகம் பார்க்கிறோம்ல, அதான்' என்று அவரும், 'உடம்பு சூடு, எண்ணெய் தேய்ச்சுக் குளி, சரியாகிடும்' என்று வீட்டில் உள்ளவர்களும் சொல்லிக் கொள்வார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு சொட்டு மருந்து வாங்கி ஒரு வாரம் ஓட்டுவார்கள்.

விழித்திரையில் வலியை உணரும் நரம்புகளே கிடையாது. உள்ளே ரத்தக்குழாய் வெடித்தாலும் நமக்குத் தெரியாது. பார்வை மங்குவதுதான் அது கொடுக்கும் ஒரே அறிகுறி.

20 முதல் 40 வயதுக்குள், சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் எதுவும் இல்லாத ஒருவருக்குக் கண்ணுக்குள் இப்படித் தானாக ரத்தம் கசிந்தால், நம் ஊர் மருத்துவர்கள் யோசிக்கும் முக்கியமான பெயர்களில் ஒன்று ஈல்ஸ் நோய். உலக அளவில் இது அரிதான நோய். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்போது அபூர்வமாகத்தான் பார்க்கிறார்கள். ஆனால் இந்தியத் துணைக்கண்டத்தில் கதை வேறு. இந்தியாவில் கண் மருத்துவமனைக்கு வரும் 200 முதல் 250 நோயாளிகளில் ஒருவருக்கு இது இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகக் குறிப்பிட்டு வருகின்றன. பாதிக்கப்படுவோரில் பெரும்பாலானவர்கள் ஆண்கள். படிப்பை முடித்து, வேலையில் சேர்ந்து, இ.எம்.ஐ. கட்டத் தொடங்கும் வயதில் வருகிற நோய் இது.

யார் இந்த ஈல்ஸ்?

ஹென்றி ஈல்ஸ், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்து கண் மருத்துவர். 1880ல் ஒரு விசித்திரத்தைப் பதிவு செய்தார். ஆரோக்கியமாகத் தெரிந்த இளைஞர்கள் சிலருக்கு விழித்திரையில் திரும்பத் திரும்ப ரத்தக்கசிவு. அதே ஆட்களுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வடிவதும், மலச்சிக்கலும் இருந்தன. மூன்றையும் முடிச்சுப் போட்டு அவர் ஒரு விளக்கம் சொன்னார்: குடல் பகுதியின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, அதனால் மலச்சிக்கல்; அதை ஈடுகட்ட தலைப்பகுதி ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதனால் மூக்கிலும் கண்ணிலும் ரத்தம்.

விளக்கம் தப்பு. மலச்சிக்கலுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்பது பின்னால் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் கண்ணால் பார்த்துப் பதிவு செய்தது சரி. அதனால் பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. அவருக்குப் பின் வந்தவர்கள்தான் ரத்தக்கசிவுக்கு முன்பே விழித்திரையின் ரத்தக்குழாய்களில் அழற்சி இருப்பதைக் கண்டுபிடித்தார்கள்.

உள்ளே என்ன நடக்கிறது?

கண்ணை ஒரு கேமராவாக வைத்துக்கொண்டால் விழித்திரை அதன் பின்பக்க சென்சார். நடுப்பகுதியான மாக்குலாதான் வாசிக்கவும், முகங்களை அடையாளம் காணவும் உதவுகிறது. ஈல்ஸ் நோய் பெரும்பாலும் அங்கே தொடங்குவதில்லை. விழித்திரையின் ஓரங்களில், நாம் கவனிக்காத இடத்தில், சிரைகளைச் சுற்றி அழற்சியாக ஆரம்பிக்கிறது. அந்தக் கட்டத்தில் பார்வை 6/6 இருக்கலாம். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசிக்கச் சொன்னால் கடைசி வரி வரை வாசித்துவிடுவார்.

அழற்சி நீடித்தால் அந்தச் சின்ன ரத்தக்குழாய்கள் அடைபடுகின்றன. அடைபட்ட பகுதிக்கு ஆக்சிஜன் போகாது. விழித்திரை உடலிலேயே அதிகமாக ஆக்சிஜன் செலவழிக்கும் திசுக்களில் ஒன்று. பட்டினி கிடக்கச் சொன்னால் சும்மா இருக்காது. 'எனக்கு ரத்தம் வேண்டும்' என்று ஒரு வேதிச் செய்தி அனுப்புகிறது. வி.இ.ஜி.எஃப். என்ற புரதம்தான் அந்தச் செய்தி. அதைக் கேட்டுப் புதிய ரத்தக்குழாய்கள் முளைக்கின்றன. அவசரத்தில் போட்ட பைப் லைன் மாதிரி அவை பலவீனமானவை. கண்ணின் உள்ளறையை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற கண்ணாடி போன்ற ஜெல்லுக்குள் நீளும். தும்மினாலும் உடையலாம், தூக்கத்திலும் உடையலாம். உடைந்தால் ரத்தம் ஜெல்லுக்குள் பரவும்.

விட்ரியஸின் மொத்த அளவே சுமார் 4 மில்லி. அதில் சில சொட்டு ரத்தம் கலந்தாலே போதும், வெளிச்சம் விழித்திரைக்குப் போகாது.

ஆக, நோயாளிக்குத் தெரியும் முதல் அறிகுறி நோயின் முதல் கட்டம் இல்லை. அழற்சி, அடைப்பு, புதிய குழாய் எல்லாம் முடிந்து மூன்றாவது, நான்காவது அத்தியாயத்தில்தான் அவருக்கு விஷயமே தெரிய வருகிறது.

ஏமாற்றும் முன்னேற்றம்

இந்த நோயில் பலர் பார்வையை இழப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. முதல் ரத்தக்கசிவு பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும்.

சில வாரங்களில் ரத்தம் கீழே படியும். உடல் அதை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். மாக்குலா இன்னும் பாதிக்கப்படாமல் இருப்பதால் பார்வை கிட்டத்தட்ட முழுசாகத் திரும்பும். அந்த நேரத்தில் எடுத்துக்கொண்ட எதற்கும் பெருமை போய்ச் சேரும். சொட்டு மருந்து போட்டவர் சொட்டு மருந்தால் என்பார். எண்ணெய்க் குளியல் எடுத்தவர் சூடு தணிந்ததால் என்பார். கேரட் ஜூஸ் குடித்தவரும் அப்படியே. அடுத்த செக்கப் தேதி வரும்போது ஆபீஸில் ஏதோ டெட்லைன் இருக்கும். 'இப்பதான் நல்லா தெரியுதே, எதுக்கு லீவு போட்டுட்டு...'

ஓரத்தில் அடைபட்ட குழாய்கள் அடைபட்டேதான் இருக்கின்றன. பட்டினி கிடக்கும் விழித்திரை செய்தி அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. சில மாதம் கழித்து மறுபடி கசியும். அதுவும் வடியலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் ஜெல்லுக்குள் தழும்புத் திசு கொஞ்சம் சேரும். தழும்பு என்றாலே சுருங்கும். சுருங்கும்போது அது ஒட்டியிருக்கும் விழித்திரையையும் சேர்த்து இழுக்கும். சுவரிலிருந்து வால்பேப்பரை உரிப்பதுபோல விழித்திரை பிய்ந்து வந்தால், அதுவும் மாக்குலா வரை வந்தால், அறுவை சிகிச்சை செய்தாலும் பழைய பார்வை கிடைக்கும் என்று எந்த மருத்துவரும் உறுதி தர முடியாது. சிலருக்குக் கண் அழுத்தம் ஏறி, கட்டுப்படுத்த முடியாத ஒருவகை கிளாக்கோமாவும் சேர்ந்துகொள்ளும்.

சரியான நேரத்தில் சிகிச்சை பெற்ற ஈல்ஸ் நோயாளிகள் பலர் நல்ல பார்வையோடு வேலை பார்க்கிறார்கள், வண்டி ஓட்டுகிறார்கள். மற்ற பல விழித்திரை நோய்களோடு ஒப்பிட்டால் இதில் நம்பிக்கைக்கு நிறைய இடம் உண்டு. அந்த நல்ல செய்தியைக் கெடுப்பது பாதியில் நின்றுபோகும் சிகிச்சைதான்.

எல்லா மிதக்கும் புள்ளியும் இதுதானா?

இல்லை. வெள்ளைச் சுவரையோ வானத்தையோ பார்க்கும்போது இழை இழையாக ஏதோ மிதப்பது பலருக்கும் இருக்கும், குறிப்பாகக் கிட்டப்பார்வை உள்ளவர்களுக்கு. வருஷக்கணக்கில் அதே ஒன்றிரண்டு இழை என்றால் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை.

திடீரென்று மழைபோலப் புள்ளிகள் கொட்டுவது, புகை அல்லது சிவப்புத் திரை படர்வது, மின்னல் வெட்டுவது, ஓரத்திலிருந்து திரை இறங்குவது ஆகியவை வேறு ரகம். இதற்கு 'அடுத்த வாரம் பார்க்கலாம்' சரிப்படாது. அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், கண்ணை விரியவைத்துப் பரிசோதனை செய்ய வேண்டும். ஈல்ஸாக இல்லாவிட்டாலும் விழித்திரையில் கிழிசலாக இருக்கலாம். அதற்கும் தாமதம் ஆகாது.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை: ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடிக்கொண்டு மறு கண்ணால் காலண்டரைப் பாருங்கள். பிறகு மாற்றிப் பாருங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் மோசமான கண்ணின் குறையை மறைத்துவிடும். தற்செயலாகக் கண்ணைக் கசக்கும்போதுதான் 'அட, இந்தக் கண்ணுல தெரியலையே' என்று கண்டுபிடித்தவர்கள் நிறைய.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

'இதுதான் ஈல்ஸ்' என்று ஒரே அடியாகச் சொல்லும் ரத்தப் பரிசோதனை எதுவும் கிடையாது. மற்ற சந்தேகங்களை ஒவ்வொன்றாக நீக்கி, மிச்சமிருப்பதை வைத்துத்தான் முடிவுக்கு வருகிறார்கள். டெஸ்ட் பட்டியல் நீளமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

முதலில் சொட்டு மருந்து போட்டுக் கண்மணியை விரியவைப்பார்கள். சில மணி நேரத்துக்குக் கிட்டத்தில் எழுத்து தெரியாது, வெளிச்சம் கூசும். பைக்கில் போகாமல் யாரையாவது துணைக்கு அழைத்துக்கொண்டு போவது நல்லது. மருத்துவர் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு விழித்திரையின் ஓரம் வரை பார்ப்பார். ரத்தம் மறைத்துக்கொண்டிருந்தால் 'பி ஸ்கேன்' எனப்படும் அல்ட்ராசவுண்ட் எடுத்து, பின்னால் விழித்திரை ஒட்டியிருக்கிறதா, பிரிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்வார்கள். மாக்குலாவில் வீக்கம் உண்டா என்பதை ஓ.சி.டி. ஸ்கேன் காட்டும்.

முக்கியமானது ஆஞ்சியோகிராம். இதய ஆஞ்சியோ மாதிரி குழாய் எல்லாம் விடுவதில்லை. கை நரம்பில் ஃப்ளோரசின் என்ற மஞ்சள் சாயத்தை ஊசி மூலம் ஏற்றி, அது கண்ணின் ரத்தக்குழாய்களில் ஓடுவதை வரிசையாகப் படம் எடுப்பார்கள். எங்கே அடைப்பு, எங்கே கசிவு, எங்கே புதுக் குழாய் என்று வரைபடமே கிடைத்துவிடும். அன்றைக்குச் சிறுநீர் பளிச் மஞ்சளாகப் போகும், பதற வேண்டாம். (இந்த முறையை அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் நோவோட்னி, ஆல்விஸ் என்ற இருவர். உருவாக்கியபோது அவர்கள் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த இளைஞர்கள். கண் மருத்துவ இதழ் ஏற்காததால் அவர்களுடைய கட்டுரை ரத்த ஓட்டம் பற்றிய ஓர் இதழில் வெளியானது!)

அடுத்து, இதே தோற்றத்தோடு வரும் மற்ற நோய்களைச் சலித்தெடுக்க வேண்டும். சர்க்கரை நோய், சார்காய்டோசிஸ், லூபஸ், பெச்செட் நோய், ரத்தப் புற்றுநோய் என்று பட்டியல் போகும். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் காணப்படும் சிக்கில் செல் ரத்தசோகையும் விழித்திரை ஓரத்தில் இதேபோன்ற அடைப்பை உண்டாக்கும். சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால் 'எதுக்கு சார் இவ்ளோ ரத்தம் எடுக்கிறீங்க' என்று சலித்துக்கொண்டு டெஸ்ட்டைத் தவிர்ப்பது சரியில்லை.

மறக்கவே கூடாத ஒன்று: நன்றாகத் தெரியும் மறு கண்ணையும் இதேபோலப் பார்த்தாக வேண்டும். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரண்டு கண்களிலும் இந்த நோய் வருகிறது. இரண்டாவது கண்ணில் கசிவதற்கு முன்பே பிடித்துவிட்டால் அந்தக் கண் அநேகமாகத் தப்பிவிடும்.

காசநோய்க்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

நோயாளிகள் அதிகம் குழம்பும் இடம் இது. இருமலே இல்லாத ஒருவரை நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொல்கிறார்கள், கையில் மாண்டூ ஊசி போடுகிறார்கள். 'எனக்கு டி.பி.யா?' என்று வீடே அதிர்ந்துபோகும்.

ஈல்ஸ் நோயாளிகளிடம் காசநோய்க் கிருமிக்கு எதிரான உணர்திறன் அதிகம் காணப்படுவதை மருத்துவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கவனித்தார்கள். சென்னை சங்கர நேத்ராலயாவின் ஆய்வாளர்கள் 1990களின் இறுதியில், பி.சி.ஆர். முறையில், ஈல்ஸ் நோயாளிகள் சிலரின் விட்ரியஸ் ஜெல்லில் காசநோய்க் கிருமியின் மரபணுத் தடயத்தைக் கண்டார்கள். கோவிட் காலத்தில் எல்லோருக்கும் பழகிப்போன அதே பி.சி.ஆர். தான்.

தடயம் இருந்தது என்றால் கண்ணில் கிருமி உயிரோடு பெருகுகிறது என்று அர்த்தமில்லை. எப்போதோ உடலுக்குள் வந்த கிருமியின் எச்சங்களுக்கு எதிராக நோய் எதிர்ப்பு மண்டலம் மிகையாகச் சண்டை போட, அதில் கண் ரத்தக்குழாய்கள் அடிவாங்குகின்றன என்பதுதான் வலுவான கருத்து. எல்லா நோயாளியிடமும் தடயம் கிடைப்பதில்லை என்பதால் விவாதம் இன்னும் முடியவில்லை.

அதனால்தான் காசநோய் மருந்து தருவதிலும் மருத்துவர்களிடையே ஒரே கருத்து இல்லை. இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி போட்டவர்களுக்கும், கிருமி உறங்கு நிலையில் உள்ளவர்களுக்கும் மாண்டூ பாசிட்டிவ் காட்டக்கூடும். எனவே அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், ரத்தத்தில் செய்யும் 'இக்ரா' பரிசோதனை, எக்ஸ்ரே அல்லது சி.டி. ஸ்கேன், கண்ணின் நிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மருந்து தேவை என்றால் நெஞ்சக மருத்துவரும் கண் மருத்துவரும் கலந்து பேசித் தொடங்குவார்கள். அந்த மாத்திரைகளில் ஒன்றான எத்தாம்பியூட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும் என்பதால் நிறப்பார்வைச் சோதனை அவ்வப்போது நடக்கும். அரசுத் திட்டத்தில் காசநோய் மருந்துகள் இலவசம்.

வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளர் எல்லாம் வேண்டாம். ஈல்ஸ் நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றாது. கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் இதை உரக்கவே சொல்லலாம்.

சிகிச்சை என்னென்ன?

நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துச் சிகிச்சை மாறும். அழற்சி மும்முரமாக இருந்தால் ஸ்டீராய்டு. மாத்திரையாகவோ, கண்ணைச் சுற்றி ஊசியாகவோ தருவார்கள். முகம் உப்பும், பசி எடுக்கும், சர்க்கரை ஏறலாம், கண் அழுத்தம் கூடலாம். இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைத் தானாக நிறுத்தக் கூடாது. டோஸைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும். அதேபோல, பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மறுபடி வாங்கிச் சாப்பிடுவதும் ஆபத்து. உள்ளே டி.பி. இருந்தால் ஸ்டீராய்டு அதைத் தட்டி எழுப்பிவிடும்.

பட்டினி கிடக்கும் பகுதிக்கு லேசர். அந்த ஓரப் பகுதியில் வரிசையாகச் சின்னச் சின்னச் சூட்டுப் புள்ளிகள் வைத்தால் ஆக்சிஜன் தேவை குறையும், வி.இ.ஜி.எஃப். செய்தி நிற்கும், புதுக் குழாய்கள் வாடும். மையப் பார்வையைக் காப்பாற்ற ஓரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிற ஏற்பாடு இது. அட்மிட் ஆக வேண்டாம். சுருக் சுருக் என்று இருக்கும், பல அமர்வுகள் தேவைப்படலாம். இந்த யோசனை பிறந்த கதை சுவாரஸ்யமானது. 1945ல் சூரிய கிரகணத்தை வெறும் கண்ணால் பார்த்து விழித்திரை கருகியவர்களைச் சோதித்த ஜெர்மானிய மருத்துவர் மேயர் ஷ்விக்கராத், அதே சூட்டைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தினால் என்ன என்று யோசித்தார். லேசர் வருவதற்கு முன்பு சூரிய ஒளியைக் கண்ணாடிகளால் திருப்பிவிட்டே சிகிச்சை செய்தவர் அவர்.

ரத்தம் மறைத்திருந்தால் லேசர் உள்ளே போகாது. அப்போது காத்திருக்கச் சொல்வார்கள். தலையணையை உயர்த்தி வைத்துத் தூங்கினால் ரத்தம் கீழே படியும். சுமார் 3 மாதம் வரை பார்த்தும் வடியாவிட்டால், அல்லது இடையிலேயே தழும்பு மாக்குலாவை இழுக்கத் தொடங்கினால், விட்ரெக்டமி. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளைகள் வழியாக ரத்தம் கலந்த ஜெல்லை வெட்டி உறிஞ்சி எடுத்து, அதே மேஜையில் லேசரும் வைத்துவிடுவார்கள். வி.இ.ஜி.எஃப்-ஐ அடக்கும் ஊசியைச் சில சமயம் கண்ணுக்குள் போடுவதுண்டு. தழும்பு அதிகம் உள்ள கண்ணில் அந்த ஊசி தழும்பை வேகமாகச் சுருக்கி விழித்திரையை இழுத்துவிடக்கூடும் என்பதால் எல்லோருக்கும் போடமாட்டார்கள். 'ஃப்ரெண்டுக்குப் போட்டாங்க, எனக்கு ஏன் போடல' என்பதற்கான பதில் அநேகமாக இதுதான்.

விழித்திரையை ஒட்டவைக்க அறுவை சிகிச்சையில் கண்ணுக்குள் கேஸ் நிரப்பியிருந்தால், அது முழுவதும் கரையும் வரை விமானத்தில் போகக் கூடாது. உயரத்தில் கேஸ் விரிந்து கண் அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். ஆன்சைட் பயணம், ஹனிமூன் டிக்கெட் எதுவானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் புக் செய்ய வேண்டும். கேஸுக்குப் பதில் சிலிக்கான் எண்ணெய் நிரப்பியிருந்தால் பறக்கலாம், ஆனால் பிறகு அதை எடுக்க இன்னோர் ஆபரேஷன் உண்டு.

விழித்திரை சிறப்பு மருத்துவர்கள் இருக்கும் இடத்துக்குப் போவது முக்கியம். சென்னையில் 1819ல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, மதுரையில் 1976ல் தொடங்கப்பட்ட அரவிந்த் போன்றவை இந்த நோயாளிகளை நீண்டகாலமாகப் பார்த்து வருபவை.

செக்கப் எத்தனை நாள்?

பல ஆண்டுகள். லேசர் வைத்த பிறகு முதலில் சில வாரங்களுக்கு ஒரு முறை, பிறகு மாதங்களுக்கு ஒரு முறை என்று இடைவெளி நீளும். ஒவ்வொரு முறையும் கண்ணை விரியவைத்து, இரண்டு கண்ணின் ஓரத்தையும் பார்க்க வேண்டும். 'பார்வை எப்படி இருக்கு' என்ற கேள்வியோடு முடித்துக்கொள்ளும் செக்கப் இந்த நோய்க்குப் போதாது.

வேலைக்காக பெங்களூரு, ஹைதராபாத், வெளிநாடு என்று ஊர் மாறுகிறவர்கள் ஆஞ்சியோகிராம் படங்களையும் லேசர் குறிப்பையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி போனில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பகுதியில் ஏற்கெனவே லேசர் வைத்திருக்கிறார்கள், எது புது அடைப்பு என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் அடுத்த மருத்துவரால் உடனே சொல்ல முடியும். வெளிநாடு போகிறவர்களுக்கு இந்த ஃபோல்டர் இன்னும் அவசியம். இந்த நோயை முதலில் பதிவு செய்த இங்கிலாந்திலேயே இன்றைக்கு ஓர் இளம் மருத்துவர் இதைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு.